நீல நீர்யானையின் மூன்று கால்கள்

அப்பா,

என் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் பசை காய்ந்து இன்னொரு தோலைப்போல ஒட்டிக் கிடக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் லேசாக மணக்கிறது. நீங்கள் வாங்கி வைத்த பசைதான்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா சுகம். பிள்ளையும் சுகம். இன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பேரையும் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். தங்கச்சி பிறந்திருக்கிறாள்.

இதை எங்கள் எதிர்க்கதவு அன்ரி வீட்டு வாஷ்ரூமில் இருந்து எழுதுகிறேன். அம்மா வரும்வரை எனக்கு இங்கேதான் படுக்கை. படுக்கப்போகும்போது அன்ரி சொன்னார்: "பிள்ளை பிறந்த நாளில செத்த ஆக்களை நினைச்சு அழப்படாது. கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டா வந்து பிள்ளையைப் பார்ப்பினம்." நான் ஓம் என்று தலையாட்டினேன். அப்பா வந்து பார்த்தால் என்ன என்று கேட்கத் துணிவு வரவில்லை. அன்ரி என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே லைட்டைப் போட்டால் காற்றாடியும் சேர்ந்து இரைகிறது. அந்த இரைச்சலில் பேனைச் சத்தம் வெளியே கேட்காது.

உங்களுக்கு அந்த இலையுதிர் காலம் நினைவிருக்கும். கிரேட் எட்டில் மிஸ் பழைய எகிப்தைப் பிள்ளைகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார். பிரமிட், மம்மி என்று கேட்டு எல்லோரும் கை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. மிஞ்சிக் கிடந்தது எனக்கு வந்தது: எகிப்தியரின் வாழ்க்கையிலும் ஓவியத்திலும் விலங்குகள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பாண் சுடுகிற பேக்டரியில் இருந்து வந்து, மயிரிலும் சட்டைக் கையிலும் மா ஒட்டியபடியே மேசையில் இருந்தீர்கள்.

"உதுக்கேன் மூஞ்சையை நீட்டுறாய்? மாடு எண்டு எழுதி விடன். மாட்டைப் பற்றி நான் சின்னனில எழுதின கட்டுரை எனக்கு இப்பவும் பாடம்."

"அப்பா, அது பசு பால் தரும் எண்ட கட்டுரை."

"எகிப்தில மட்டும் என்ன, பசு பெற்றோலோ தந்தது?"

அம்மா அடுப்படியில் நின்று சிரித்த சத்தம் இன்னும் கேட்கிறது. அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்டது இன்றைக்குத்தான்.

லைப்ரரியில் இருந்து பெரிய படப் புத்தகம் ஒன்று எடுத்து வந்தேன். நான் இங்கிலீசில் வாசித்துத் தமிழில் சொல்வேன். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மிஸ் ஒருநாளும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பீர்கள். தானியம் சேர்த்து வைத்த இடத்தில் எலி வராமல் பூனை வளர்த்தார்கள் என்றேன். வீட்டுப் பூனை செத்தால் வீட்டில் உள்ள எல்லோரும் புருவத்தை வழித்துத் துக்கம் காத்தார்களாம் என்றேன். நீங்கள் உங்கள் புருவத்தைத் தடவிப் பார்த்தீர்கள். "நல்ல காலம் நாங்கள் பூனை வளர்க்கேல்லை. புருவம் இல்லாமல் போனா போர்மன் என்னை உள்ளுக்கு விடான்." வேட்டை நாய்களுக்குப் பெயர் வைத்து அந்தப் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்றதும் சந்தோசப்பட்டீர்கள். "பாத்தியே, நாய்க்கு மரியாதை."

நீர்யானையில்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். பகலில் ஆற்றுக்குள் கிடக்கும், இரவில் ஏறி வந்து வயலைத் தின்னும், உழக்கும், படகைக் கவிழ்க்கும். அதனால் அந்தச் சனத்துக்கு அதில் சரியான பயம். ஆனால் அடுத்த பக்கத்தில் நீர்யானைத் தலையோடு ஒரு பெண் தெய்வம். சிங்கத்தின் கை, முதலையின் முதுகு, முன்னுக்குத் தள்ளிய பெரிய வயிறு. கர்ப்பமான தாய்மாருக்கு அதுதான் காவல். கட்டிலில் செதுக்கினார்கள், கழுத்தில் கோத்துப் போட்டார்கள். அதன் பெயர் என் வாய்க்குள் வரவில்லை. நீங்கள் "வயித்தம்மன்" என்று பெயர் வைத்தீர்கள்.

"வயலை அழிக்கிற மிருகத்தை ஏன் அப்பா தாய்மாருக்குக் காவலா வச்சவை?"

"பயமான ஆளை எங்கட பக்கத்தில வச்சிருக்கிறதுதான் புத்தி. எதிர்க்கதவு அன்ரியைப் பார். அவ இருக்கிறபடியா இந்த மாடியில ஒருத்தனும் எங்களோட கொழுவ வாறேல்லை."

அம்மா கரண்டியைக் காட்டி "ஸ்ஸ், கேக்கப்போகுது" என்றார். நீங்கள் அந்தப் படத்தின் வயிற்றில் விரலை வைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "கோடை வர முதல் அம்மாவுக்கும் உப்பிடி ஒரு வயிறு வரும். உனக்கு ஓமோ?"

எனக்கு முகம் சுட்டது. இந்த வயதில் தம்பி தங்கச்சி என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஓம் என்றேன். ஒரு பிள்ளை வரப்போகிற செய்தியை நீர்யானைப் படத்தை வைத்துச் சொன்ன அப்பா டொரொன்டோவில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அதே புத்தகத்தில் நீல நீர்யானைச் சிலை ஒன்றின் படம் இருந்தது. உள்ளங்கை அளவு. உடம்பெல்லாம் தாமரைப் பூ வரைந்திருந்தது. அதைச் செய்வோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும். "நாள் முழுக்க மாவோட மாரடிச்சுப்போட்டு வாறன், வீட்டிலயும் மாவோ" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் பிசைந்த பிசையலுக்கு, மா உங்கள் சொல்லைக் கேட்டு நின்றது. கால் நாலும் வாழைக்காய்போல வந்துவிட்டது என்று நான் சிரித்தேன். "இவ்வளவு வயித்தைத் தாங்கக் கால் மொத்தமா இருக்க வேணும்" என்றீர்கள். அவணில் வைத்துக் காயவிட்டு நீலம் பூசினோம். கறுப்பு மார்க்கரால் நான் தாமரை வரைந்தேன்.

அதன் பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்தேன். அந்தச் சிலையைச் செத்தவரோடு சேர்த்து வைக்கும்போது அதன் மூன்று கால்களை வேண்டுமென்றே முறித்துவிட்டார்களாம். அடுத்த உலகத்தில் அது எழும்பி அவரைக் கடித்துவிடக் கூடாது என்று. மிஸ் உள்ளதை உள்ளபடி செய்யச் சொல்லியிருந்தார். முறிக்கத்தான் வேண்டும் என்று நான் நின்றேன்.

"என்ன பிள்ளை இது, நாங்கள் பிடிச்ச சீவனுக்கு நாங்களே காலை முறிக்கிறதோ?"

"அப்பிடித்தான் அப்பா இருந்தது."

மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டு முறித்தீர்கள். டக், டக், டக். பிறகு அதனோடு கதைத்தீர்கள். "கோவிக்காதை ராசாத்தி. மார்க்ஸ் வந்த உடன ஒட்டி விடுறன்." மூன்று கால்களையும் பிலிம் றோல் வருகிற கறுப்பு டப்பிக்குள் போட்டு மூடி, வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று உங்கள் வின்ரர் ஜக்கெற்றுப் பொக்கற்றில் வைத்தீர்கள்.

அந்த ஜக்கெற் ஒரு பிளாஸ்ரிக் பையில் வீட்டுக்கு வந்தது. பேக்டரியில் வேலை தொடங்கின கையோடு நெஞ்சு நோகுது என்று இருந்தவர் எழும்பவில்லை என்று சொன்னார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். எகிப்தில் பூனை செத்தால் புருவத்தை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் பொட்டை எடுத்தார்கள். நான் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்க்கவில்லை. பொக்கற்றுக்குள் கை விட்டுப் பார்த்தேன். டப்பி இருந்தது. ஆட்டினால் உள்ளே கால்கள் கிலுகிலு என்றன. டப்பியோடு, அட்டையில் இருந்து பிரிக்காத சின்னப் பசை ரியூப் ஒன்றும் இருந்தது. ஏனோ, அதைப் பற்றி நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

செத்தவீட்டு மண்டபத்தில் கோட்டுக் கொழுவும் அறைக்குள் ஒளித்து நின்றேன். அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான். அங்கே அன்ரி யாரோ ஒரு பெண்ணிடம் சொன்னது கேட்டது. "பாவம் அவள். வயித்தில கிடக்கிறது வர முதலே தகப்பனை விழுங்கிப்போட்டுது. இனி ஆரையோ."

இனி ஆரையோ. அந்தச் சொல் குளிர் காலம் முழுவதும் என்னோடு பள்ளிக்கூடம் வந்தது. அதைச் சொன்ன அன்ரிதான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் புட்டும் கறியும் கொண்டுவந்து, நாரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கதிரையில் இருந்து, அம்மா தின்று முடிக்கும்வரை எழும்பாமல் காவல் இருந்தார். பேக்டரியில் நின்று நின்று அவருக்கு நாரி நோ; இடுப்புக்குப் பின்னால் பிடித்தால் நிமிர முடியாது. "தின்னடி, உனக்கில்லை, உள்ளுக்கை இருக்கிறதுக்கு." அன்ரி எங்கள் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் வந்தால் நான் அறைக்குள் போய்விடுவேன்.

நீர்யானை மார்க்ஸோடு வீட்டுக்கு வந்தது. நல்ல மார்க்ஸ். ஒற்றைக் காலோடு யன்னலில் சரிந்து கிடந்தது. அதன் மூன்று கால்களையும் நான் கோட்டுப் பொக்கற்றில் கொண்டு திரிந்தேன். நடந்தால் கிலுகிலு, படி ஏறினால் கிலுகிலு. ஒட்டலாம்தான். ஆனால் ஒட்டப் பயம். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

கால் இருந்தால் அது காவல். அம்மாவிடம் ஓடி வரும். ஆனால் கால் இருந்தால் அது செத்தவரையும் கடிக்கும். உங்கள் சாம்பலைப் பெரியப்பா பிக்கரிங் பக்கம் ஏரியில் கரைத்தார். நீர்யானை இருப்பதும் தண்ணீரில். நான் காலை ஒட்டினால் அது நேரே உங்களிடம் வரும். ஒட்டாவிட்டால் அம்மாவுக்குக் காவல் இல்லை. இது விசர்க் கதை என்று பகலில் எனக்குத் தெரியும். படுக்கையில் தெரியாது. உங்கள் இரண்டு பேரில் யாரைக் காப்பது என்று என்னைக் கேட்பதுபோல அந்த டப்பி தலையணைக்குக் கீழே கிடக்கும்.

பனி கரைந்த பிறகு, பிள்ளை தலைகீழாகத் திரும்பவில்லை, கால் கீழே இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். "திரும்பும் அம்மா, இன்னும் நேரம் இருக்காம்" என்று டொக்டர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

பிள்ளை திரும்பவில்லை. இன்று காலையில் அம்மாவுக்கு நோ வந்தது. நான் எதிர்க்கதவில் போய் இரண்டு கையாலும் அடித்தேன். அன்ரி சீலைக்கு மேலே அங்கிளின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அங்கிள் காரை எடுத்தார். "நீ இங்க நில். போன் அடிச்சா எடு" என்று என்னை அன்ரி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். எலிவேற்றர் கதவு மூடும்போது அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை செத்தவீட்டில் பார்த்த பார்வை.

போன் அடிக்கவில்லை. நான் எங்கள் வீட்டுக்கு ஓடி நீர்யானையையும் பசை ரியூபையும் எடுத்து வந்து அன்ரியின் மேசையில் வைத்தேன். டப்பியைத் திறந்து கால்களைக் கொட்டினேன். பசை ரியூபைக் கையில் எடுத்து அட்டையைப் பிரித்தேன். அப்போதுதான் அப்பா, எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. இதை நான் வாங்கவில்லை. நீங்கள் வாங்கியது. மார்க்ஸ் வர முதலே, வேலைக்குப் போகிற வழியில் இறங்கி வாங்கிப் பொக்கற்றில் போட்டிருக்கிறீர்கள். ஒட்டி விடுகிறேன் என்று அதற்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற. கால் இருந்தால் அது உங்களைக் கடிக்கும் என்று பயந்தவள் நான். நீங்கள் ஒரு நாளும் பயப்படவில்லை. அதை எழுப்பி நடக்கவிடத்தான் நீங்கள் பசை வாங்கினீர்கள்.

குளிர் காலம் முழுவதும் அந்த ரியூப் என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

அவசரம் அவசரமாக ஒட்டினேன். ஒரு கால், இரண்டு கால், மூன்று கால். விரல் இரண்டும் ஒட்டிப்போய், இழுத்துப் பிரிக்கத் தோலும் கொஞ்சம் வந்தது. பிறகு அதை மேசையில் நிறுத்தி, போனைப் பார்த்தபடி இருந்தேன். கடவுளைக் கும்பிட்டேனா, அதைக் கும்பிட்டேனா, உங்களைக் கும்பிட்டேனா என்று தெரியாது.

போன் அடித்தது. அன்ரியின் குரல்.

"ஹலோ, நீயோ? அம்மா சுகம். பிள்ளை சுகம். பொம்பிளைப் பிள்ளை. நீ சோறு திண்டனியோ?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மேசையில் நின்ற நீர்யானையைப் பார்த்தேன்.

"என்னடி சத்தம் இல்லை? அழுறியோ? அழாதை. கேள் கதையை. காலால வந்த பிள்ளையடி! ஒரு கால் வெளியில எட்டிப் பாத்தாப் பிறகுதான் உவங்கள் ஓடித் திரிஞ்சு வெட்டி எடுத்தவங்கள். காலால பிறந்த பிள்ளை உழக்கினா நாரிப்பிடிப்பு எல்லாம் பறக்கும், தெரியுமோ உனக்கு?"

"வெட்டித்தானே அன்ரி எடுத்தவை?"

"வெட்டினா என்ன, முதல் வந்தது கால்தானே! நடக்கத் தொடங்கினதும் முதல் உழக்கு எனக்கு. மிசிசாகாவில இருக்கிற உன்ர பெரியம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. அவவுக்கும் நாரி. நாளைக்கே கார் பிடிச்சு வந்து லைனில நிப்பா."

தகப்பனை விழுங்கிய பிள்ளை என்று சொன்ன அதே வாய்தான் அப்பா. போனை வைத்துவிட்டு நான் நிலத்தில் இருந்து சிரித்தேன். அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

பின்னேரம் அங்கிள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா வெளிறிப்போய்க் கிடந்தார், ஆனால் கண்ணில் அந்தப் பார்வை இல்லை. அன்ரி தண்ணீர் எடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "அன்ரி இல்லையெண்டா நான் இல்லைப் பிள்ளை. கால் தெரியுது எண்டு நான் சொல்ல நேர்சுக்கு விளங்கேல்லை. அன்ரி வெளியில போய்க் கவுண்டரில கையால அடிச்சு, 'லெக்! லெக்! டொக்டர் கம்!' எண்டு கத்தின கத்தில முழு ஆஸ்பத்திரியும் ஓடி வந்தது." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். தையல் நோகுது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அடுப்படியில் நின்று சிரித்த அதே சிரிப்பு.

பயமான ஆளை எங்கள் பக்கத்தில் வைத்திருக்கிறதுதான் புத்தி. சரிதான் அப்பா.

தங்கச்சியை என் கையில் தந்தார்கள். துணிக்குள் இருந்து ஒரு கால் வெளியே வந்தது. உள்ளங்கால் என் பெருவிரல் அளவுதான். அதைத் தொட்டேன். பசை காய்ந்த விரலை அவள் ஒரு உதை உதைத்தாள்.

அன்ரி வீட்டுக்குத் திரும்பி வந்து நீர்யானையை வடிவாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவசரத்தில் பின்னங்காலை முன்னுக்கு ஒட்டியிருக்கிறேன். அதனால் முன்பக்கம் தூக்கி, எங்கேயோ ஓட வெளிக்கிட்டதுபோல நிற்கிறது. கழற்றி ஒட்ட மாட்டேன். அப்படியே நிற்கட்டும்.

டப்பி இப்போது வெறுமை. ஆட்டினால் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாதது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதனால் வாஷ்ரூமுக்கு வர முதல் அன்ரியின் அரிசி வாளிக்குள் கை விட்டு ஒரு சின்னப் பிடி அள்ளி உள்ளே போட்டு இறுக்கி மூடினேன். இப்போது ஆட்டினால்—

அன்ரி கதவைத் தட்டினார். நான் டப்பியைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"உள்ளுக்கை ஆரோடயடி இவ்வளவு நேரம்?"

"ஒருத்தரோடயும் இல்லை அன்ரி."

கதவு லேசாகக் கிறீச்சிட்டது. நாரியைப் பிடித்துக்கொண்டு கதவோடு சாய்ந்து நிற்கிறார் என்று தெரிந்தது. பிறகு குரல் தணிந்து வந்தது.

"சரி, கதைச்சு முடிஞ்சா லைட்டை நூத்துப்போட்டு வந்து படு. பிள்ளைக்குத் தகப்பன்ர நெத்திதானாம் எண்டும் சொல்லிவிடு."

சொல்லிவிட்டேன் அப்பா.

டப்பியைக் கோட்டுப் பொக்கற்றில் வைத்திருக்கிறேன். உங்கள் பொக்கற்றில் கிடந்தது, பிறகு என்னோடு பள்ளிக்கூடம் வந்தது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரும். அங்கே தங்கச்சியின் காதுக்குக் கிட்ட மெல்ல ஆட்டுவேன். கிலுகிலு.